13 என்று சொல்லப் பழகிய கதை

முதலில் பறிபோனது வாளிதான். இதய ரத்தக்குழாயில் அடைப்பு என்று ஸ்டென்ட் எனும் சின்னக் கம்பிவலைக் குழாய் இரண்டு வைத்து வீட்டுக்கு வந்த சில நாளில், குளியலறையில் பாதி நிறைந்திருந்த வாளியைத் தூக்கக் குனிந்தேன். "அம்மா, விடு விடு" என்று மகன் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டான். அப்புறம் துடைப்பம் போயிற்று, மாடிப்படி போயிற்று. எனக்கு 67 வயது. கணக்கு டீச்சராக நின்றபடியே காலம் தள்ளியவள், இரண்டே மாதத்தில் கட்டிலும் நாற்காலியுமாக ஆகிப்போனேன்.

வீட்டில் யாரையும் குறை சொல்ல முடியாது, எனக்கே பயம்தான். எனக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற வலி வரவில்லை. படியேறினால் மூச்சு வாங்கும், கீழ்த்தாடையில் ஓர் இழுப்பு இருக்கும், அவ்வளவுதான். பல்வலி என்று நினைத்துப் பல் டாக்டரிடம் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் ஸ்டென்ட் வைத்த பிறகும், லேசாக மூச்சு வாங்கினாலே பழையது திரும்பி வருகிறது என்று உட்கார்ந்துவிடுவேன். உட்கார உட்கார, அடுத்த முறை இன்னும் சீக்கிரம் மூச்சு வாங்கியது.

டிஸ்சார்ஜ் செய்தபோது மாத்திரைகளை ஒவ்வொன்றாக விளக்கினார்கள். "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார்கள். எத்தனை நாளைக்கு, அதற்குப் பிறகு என்ன என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மறுபரிசோதனையின்போது வேறொரு டாக்டர், நான் அறைக்குள் நடந்து வந்த தினுசைப் பார்த்துவிட்டு, "ரீஹாப் போகலையா நீங்க?" என்றார். இதய நோயாளிகளுக்கென்று உடற்பயிற்சித் திட்டம் ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. வாரம் மூன்று நாள், 12 வாரம்.

முதல் நாள் ஆறு நிமிட நடைச் சோதனை. 30 மீட்டர் நடைபாதை, இரண்டு முனையிலும் ஆரஞ்சு நிறக் கூம்பு. ஓடக் கூடாது, முடியாவிட்டால் நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. பிசியோதெரபி செய்யும் பெண் நிமிடத்துக்கு ஒரு முறை, "நல்லா நடக்கிறீங்க, இன்னும் நாலு நிமிஷம் இருக்கு" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. என்ன சிடுமூஞ்சி என்று நினைத்தேன். கூடுதலாக உற்சாகப்படுத்தினால் தூரம் கூடிவிடும், அடுத்த முறையோடு ஒப்பிட முடியாது, அதனால்தான் எல்லோருக்கும் ஒரே வாசகம் என்று பிறகு சொன்னாள். பரீட்சை ஹாலில் நானும் அப்படித்தானே நின்றிருக்கிறேன்! இரண்டு முறை சுவரில் சாய்ந்து நின்று, 270 மீட்டர் நடந்திருந்தேன்.

டிரெட்மில்லுக்கு எதிரே ஓர் அட்டை ஒட்டியிருந்தது. 6 முதல் 20 வரை எண்கள். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இனி ஓர் அடிகூட முடியாது. இது ஏன் 6-இல் தொடங்குகிறது என்பதுதான் எனக்கு உறுத்தியது. குன்னார் போர்க் என்ற ஸ்வீடன் உளவியலாளர் உருவாக்கிய அளவுகோலாம். சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத் துடிப்பு வரும்: 6-க்கு 60, 13-க்கு 130. அழகான கணக்கு. ஆனால் எனக்குப் பொருந்தாது. நான் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரமும் அதனாலேயே எனக்கு உதவாது. 153 என்று கழித்து வைத்துக்கொண்டு, "பல்ஸ் 92-தானே காட்டுது, இன்னும் வேகமா வைக்கட்டுமா?" என்று கேட்டவள் நான்.

"பல்ஸை விடுங்கம்மா, உங்க உடம்பு என்ன எண் சொல்லுது?"

"11" என்றேன்.

"பேத்தி எந்த ஸ்கூல், என்ன கிளாஸ்?"

பதில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தைக்கு ஒரு முறை மூச்சு முட்டியது. அவள் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தாள். "இது 11 இல்லம்மா, 15. பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த 13-தான் நமக்கு வேண்டியது." உண்மையான எண்ணைச் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. ஒன்றிரண்டு குறைத்துச் சொன்னால் நல்ல மாணவி என்று நினைப்பாள் என்று ஓர் ஆசை. இந்த வயதிலும்!

இரண்டாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். டிரெட்மில்லில் இருக்கும்போது செல்போன் அடித்தது. டக்கென்று நிறுத்தி இறங்கினேன். கண் இருட்டியது, நல்ல வேளையாகக் கம்பி கைக்கு எட்டியது. நடக்கும்போது காலில் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். ஆடுசதை சுருங்கிச் சுருங்கி அந்த ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, பிபி இறங்கிவிடும். இளவட்டங்களுக்கு உடம்பு உடனே சமாளித்துக்கொள்ளும், நமக்குத் தாமதமாகும். அன்று முதல் கடைசி ஐந்து நிமிடம் மெதுநடை. போன் அடித்தால் அடிக்கட்டும்.

எடைப் பயிற்சியைப் பார்த்தால்தான் எனக்குக் கிலி. இதயக்காரிக்கு டம்பெல் எதற்கு? முதலில் டம்பெல்லே தரவில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னாள், 30 விநாடியில் எத்தனை முறை என்று. ஏழு. எட்டாவது முறை தொடை நடுங்கியது. அப்புறம் ரப்பர் பட்டை, ஒரு கிலோ எடை. ஆபத்து எடையில் இல்லை, மூச்சை அடக்குவதில் இருக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முக்கினால் பிபி விர்ரென்று ஏறும். எனக்கு அது மறந்து மறந்து போனதால் வாய்விட்டு எண்ணச் சொன்னாள். எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க யாராலும் முடியாது. வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த தொண்டைக்கு இது ஒரு பொருட்டா?

ஐந்தாவது வாரம் சலிப்பு வந்தது. இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று புலம்பினேன். அவள் 1966-இல் அமெரிக்காவில் டல்லஸ் நகரில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னாள். 20 வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தார்கள். உடம்பின் உழைக்கும் திறனை அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவுக்கு, 30 வருட முதுமை குறைத்திருக்கவில்லை. ஐந்தே பேரை வைத்து என்ன முடிவுக்கு வருவது என்று கணக்கு டீச்சர் உள்ளே முணுமுணுத்தாள். ஆனால் கட்டிலில் கழிந்த என் இரண்டு மாதம் நினைவுக்கு வந்தபோது வாயை மூடிக்கொண்டாள்.

பயந்தது ஒரு நாள் நடக்கவும் செய்தது. ஏழாவது வாரம், வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு நடக்கக் கிளம்பினேன். தாடையில் அதே இழுப்பு. உடனே உட்கார்ந்து, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்தேன். நின்றுகொண்டு வைத்தால் பிபி இறங்கி மயக்கம் வரலாம் என்பதால் உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் ஆம்புலன்ஸ் என்பது எனக்குச் சொல்லியிருந்த விதி. மூன்றாவது நிமிடம் அடங்கியது. மறுநாள் ஈசிஜி எடுத்தார்கள், டாக்டர் ஒரு மாத்திரையின் அளவை மாற்றினார். எனக்கோ அன்றுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பயிற்சியில் வாங்கும் மூச்சு, வேகத்தைக் குறைத்தால் படிப்படியாகத் தணியும், தாடை இழுக்காது. இந்த இழுப்பின் முகமே வேறு. அதற்குப் பிறகு வெறும் மேல்மூச்சுக்கு நான் உட்காரவில்லை.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது, வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைப் பயிற்சி, மூன்று நாள் தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சி. ஆரம்பத்தில் எனக்கு வாரத்துக்கு 45 நிமிடம் வந்தாலே பெரிது. பத்தாவது வாரம் 150-ஐத் தொட்டேன். ஒற்றைக் காலில் நிற்பதுதான் இன்னும் தகராறு, நாற்காலியின் முதுகைப் பிடிக்காமல் எட்டு விநாடிக்கு மேல் தாங்குவதில்லை.

கடைசி நாள் அதே நடைபாதை, அதே கூம்பு, அதே வாசகம். 375 மீட்டர், ஓர் இடத்திலும் நிற்காமல். இதயத்தின் ஸ்கேனான எக்கோவில் என்ன மாற்றம் என்று ஆவலாகக் கேட்டேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தசைகள் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை முன்பைவிட நன்றாக எடுத்துக்கொள்கின்றன, அதனால் அதே மாடிப்படியை ஏற இதயம் குறைவாக உழைத்தால் போதும் என்று விளக்கினார்கள். இவ்வளவு நாளும் இதயத்தைச் சரிசெய்யப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு காலைச் சரிசெய்திருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் குளியலறை வாளியில் கை வைத்தேன். மகன் வழக்கம்போல் ஓடி வந்தான்.

"எவ்வளவும்மா?" என்றான். அட்டையை அவனையும் மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன்.

"13" என்றேன். சத்தமாக ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வாளியை வெளியே எடுத்து வந்தேன்.