மெட்ரோ நிலையத்தைச் சுற்றி ஒரு முழுமைத் திட்டம்: ஸ்டுடியோ செய்யவிருக்கும் மாணவர்களுக்கு

நகரத் திட்டமிடல் முதுநிலைப் படிப்பில், பொதுப் போக்குவரத்தை ஒட்டி, வீடும் கடையும் அலுவலகமும் கலந்த கலப்புப் பயன்பாட்டுப் பகுதியை வடிவமைக்கும் ஸ்டுடியோவுக்கு, அதாவது ஓர் உண்மையான இடத்துக்குத் திட்டம் தீட்டும் பயிற்சிப் பணிக்கு, நான் தேர்ந்துகொண்ட இடம் சென்னைக் கோயம்பேடு. இதே பணியைத் தொடங்கவிருப்போர், கட்டடங்களை வரையத் தொடங்கும் முன், அந்த இடம் எந்த நேரத்தில் யாரால் இயங்குகிறது என்பதைப் பதிவுசெய்ய வேண்டும்.

1996இல் கொத்தவால்சாவடியிலிருந்து இங்கே இடம்பெயர்ந்த மொத்த விற்பனைச் சந்தைக்கு லாரிகள் இரவில் வருகின்றன. சுமை இறக்குவோரும் சில்லறை வியாபாரிகளும் விடியும் முன்பே வேலையில் இருக்கிறார்கள். 2015இல் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கிய மெட்ரோவோ இரவு பதினொரு மணியளவில் நின்று, காலை ஐந்து மணியளவில்தான் மீண்டும் புறப்படுகிறது. ஆகவே நிலையத்தருகே எத்தனை வீடுகள் எழும்பினாலும், இரவுப் பேருந்தும், சந்தைத் தொழிலாளர் வருமானத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகை வீடும் நடக்கும் தொலைவில் இல்லாவிட்டால், அத்திட்டத்தால் அவர்களுக்குப் பயனில்லை. நிலத்தின் விலை ஏறினால் முதலில் வெளியேற நேர்பவர்களும் அவர்களே. எனவே குறைந்த வாடகை வீடுகளின் பங்கை அறிக்கையின் பின்னிணைப்பில் ஒதுக்காமல், எஃப்.எஸ்.ஐ. கணக்கிலேயே (மனையின் பரப்புக்கு எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்னும் விகிதக் கணக்கிலேயே) சேர்க்க வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

பொதுப் போக்குவரத்தை ஒட்டிய வளர்ச்சிக்கான 2017ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, நிலையத்திலிருந்து 500 முதல் 800 மீட்டர் வரையான, நடந்து சென்றடையக்கூடிய பகுதியை அதன் செல்வாக்குப் பகுதியாகக் கொள்கிறது. அதை வெறும் வட்டமாக வரைந்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நீண்ட மதில்களும், கடக்க இடமில்லாத நூறடிச் சாலையும், வடக்கே கூவமும் உண்மையான நடையை எவ்வளவு நீட்டுகின்றன என்பதை நடந்தே அளந்து எல்லையை வரைந்தால், அந்த வட்டம் ஒழுங்கற்ற வடிவமாகச் சுருங்கிவிடும். எந்த மதிலில் வழி திறந்தால் எத்தனை குடும்பங்கள் எல்லைக்குள் வரும் என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது. மதிப்பீட்டின்போது என் வரைபடங்களில் அதிகம் விவாதிக்கப்பட்டதும் இதுவே.

வெளிநாட்டு முன்மாதிரிகளில் படங்களைவிட விதிகளைப் படியுங்கள். பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974இல் தனித்தடத்தில் விரைவுப் பேருந்துகளை விட்டதோடு நிற்காமல், உயர்ந்த கட்டடங்களை அந்தத் தடங்களை ஒட்டியே குவித்து, விலக விலக அடர்த்தியைக் குறைத்தது. ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில், முன்பு பிரெஞ்சு ராணுவக் குடியிருப்பாக இருந்த வோபான் பகுதியில், கார் வைத்திருப்போர் பெரும்பாலும் விளிம்பிலுள்ள பொது நிறுத்தகத்தில் தனி விலைக்கு இடம் வாங்க வேண்டும். நிறுத்துமிடத்தின் செலவை வீட்டு விலையிலிருந்து பிரித்த இந்த ஒரு விதியை என் திட்டத்திலும் பயன்படுத்தினேன்.

திட்டத்தை அடுத்தடுத்து நிறைவேற்றும் கட்டங்களாகப் பிரிக்கும்போது நிலத்தின் ஒரு பகுதியையாவது முடிவுசெய்யாமல் விட்டுவையுங்கள். 2023 டிசம்பரில் சென்னையின் தெற்குப் புறநகரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென் மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறியதும், கோயம்பேட்டுப் பேருந்து நிலையத்தை நம்பிப் போட்ட பயணிகள் கணக்குகள் அனைத்தையும் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.