ரமலானில் பினாங்குக்கு வேலைக்கு வருகிறீர்களா?

ரமலான் நெருங்கும்போது ஊரிலிருந்து பினாங்குக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஆபீசில் தண்ணீர் குடிக்கலாமா, டிபன் பாக்ஸைத் திறக்கலாமா? தாராளமாக. வளைகுடாவில் சில நாடுகளில் நோன்பு நேரத்தில் பொது இடத்தில் யார் சாப்பிட்டாலும் குற்றம், அங்கே இருந்துவிட்டு இங்கே வருகிறவர்கள்தான் ரொம்பப் பயப்படுகிறார்கள். மலேசியாவில் அந்தச் சட்டம் முஸ்லிம்களுக்கு மட்டும். பகலில் கடையில் உட்கார்ந்து சாப்பிடும் முஸ்லிமை மாநில சமய இலாகா பிடித்து நடவடிக்கை எடுக்கலாம், முஸ்லிம் அல்லாத உங்களை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாடு வழக்கம்போல நடக்கும், சீனர் காப்பிக்கடைகளும் திறந்தே இருக்கும். நோன்பு வைத்திருப்பவர் முகத்துக்கு நேரே பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் சரி. ஏகாதசி விரதம் இருக்கும் பாட்டி முன்னால் எப்படி நடந்துகொள்வோமோ, அவ்வளவுதான்.

சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நம் ஆட்கள் நேரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பதுதான் என் குறை. என்னுடன் வேலை பார்க்கும் மலாய்க்காரர்கள் யாரும் என் காப்பி கிளாஸைப் பார்த்து முகம் சுளித்ததில்லை. மாலை ஆறு மணிக்கு மீட்டிங் வைத்தால் சுளிக்கிறார்கள், வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், ஆனால் தெரியும்.

அவர்கள் நாளை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு முன்பே எழுந்து சஹர் சாப்பாடு (நோன்பு தொடங்குமுன் சாப்பிடுவது), பிறகு விடியற்காலை சுபுஹ் தொழுகை, பிறகு வேலை. நோன்பு திறப்பது இரவு ஏழரையைத் தாண்டி. பினாங்கு பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் ரமலான் எந்த மாதத்தில் வந்தாலும் 13 மணி நேரத்துக்கு மேல் என்ற கணக்கு பெரிதாக மாறாது. அதன் பிறகு சூரியன் மறைந்ததும் தொழும் மஃரிப், சாப்பாடு, பள்ளிவாசலில் ரமலான் இரவுகளுக்கே உரிய தராவீஹ் தொழுகை, வீடு திரும்பிப் பிள்ளைகளைத் தூங்க வைத்துப் படுக்கும்போது நள்ளிரவு ஆகிவிடும், திரும்ப விடிவதற்கு முன்பே அலாரம். இரண்டாவது வாரத்தில் சோர்வாகத் தெரிகிறார்கள் என்றால் அதற்குப் பாதிக் காரணம் பசி இல்லை, தூக்கக் குறைவு. எனவே மூளையைக் கசக்கும் வேலை எல்லாம் காலையில் முடியட்டும். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு, ஐரோப்பிய அலுவலகங்களின் அழைப்பு. ஜெர்மனிக்காரருக்கு மதியம் 12 மணி என்றால் நமக்கு மாலை 6, அங்கே குளிர்காலமாக இருந்தால் 7. சரியாக எல்லோரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்குக்கு, அதாவது தொழுகை அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு அருகில். அந்த அழைப்பை நாம் எடுத்துக்கொள்வோமே. என்னைக் கேட்டால் ரமலான் வாழ்த்து அட்டை அனுப்புவதைவிட இது பெரிய மரியாதை.

நாலு மணிக்கு மேல் சாலையும் மாறிவிடும். மதிய இடைவேளையை விட்டுக்கொடுத்துச் சீக்கிரம் கிளம்புகிறவர்கள் நிறைய, அத்தனை பேரும் போகும் வழியில் பசார் ரமலானில், அதாவது நோன்புக் காலச் சாப்பாட்டுச் சந்தையில் நிறுத்துவார்கள். இதைப் பார்க்காமல் இந்த ஊரில் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். மதியம் மூன்று மணி வாக்கில் கூடாரங்கள் போடத் தொடங்கி, மஃரிப்புக்குள் காலியாகிவிடும். ஆயாம் பெர்சிக் என்ற மசாலாக் கோழியைக் கரியில் வாட்டும் புகை, முர்தபா, ரொட்டி ஜான், கரும்புச்சாறு, பச்சைநிறத்தில் மிதக்கும் ஏதேதோ பானங்கள், கூடை கூடையாகக் கூவே என்ற மலாய்ப் பலகாரங்கள். விலை ஒவ்வொரு வருடமும் ஏறுகிறது என்று எல்லோரும் புலம்புவார்கள், புலம்பிக்கொண்டே வாங்குவார்கள். நாம் போவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, கடைக்காரர்களுக்குச் சந்தோஷம்தான். இரண்டே விஷயம். வாங்கியதை அங்கேயே நின்று கடிக்காதீர்கள், வரிசையில் உங்கள் முன்னால் நிற்பவர் பதினொரு மணி நேரமாகத் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அப்புறம், ஏழு மணிக்குப் போய்க் கடைசி வரிசைக் கூட்டத்தில் முண்டாதீர்கள், நமக்கு அவசரம் இல்லை. நான் நாலரைக்கே போய்விடுவேன், வாகனம் நிறுத்தவும் இடம் கிடைக்கும்.

ஆனால் தமிழனாக எனக்குப் பிடித்த ரமலான் பசாரில் இல்லை, ஜார்ஜ் டவுனில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம். இங்கே வந்து தங்கிய இந்திய முஸ்லிம்கள் 1801இல் எழுப்பிய பள்ளிவாசல். அந்தத் தெருவில் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், பள்ளிவாசல், கொஞ்சம் உள்ளே தள்ளி லெபோ குவீனில் மகாமாரியம்மன் கோயில், எல்லாம் சில நிமிட நடை தூரத்தில் இருக்கின்றன. ராமநாதபுரம், கடையநல்லூர் பக்கத்தில் வேர் இருக்கிற குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் நிறைய, நாலைந்து தலைமுறை ஆகிவிட்டாலும் "எந்த ஊர்ப் பக்கம் தம்பி?" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். நோன்புக் கஞ்சியும் அவர்களோடு வந்ததுதான். அரிசி, இறைச்சி, தேங்காய்ப்பால், வெந்தயம், இஞ்சி, பூண்டு, பட்டை கிராம்பு எல்லாம் பெரிய அண்டாவில் மணிக்கணக்காகக் கரையும் வாசனை தெருமுனையிலேயே பிடித்து இழுக்கும். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு கொடுப்பார்கள், பாத்திரம் கொண்டுபோனால் நல்லது. முஸ்லிமா இல்லையா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. மலாய்ப் பள்ளிவாசல்களில் கொடுக்கும் புபூர் லம்புக் இதற்கு உறவு, கோலாலம்பூர் கம்போங் பாருவில் கொடுப்பது ரொம்பப் பேர்போனது. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் எதில் செய்தது என்று முதலில் கேட்டுவிடுங்கள். கேட்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை, வாங்கிவந்து குப்பையில் போடுவதுதான் தப்பு.

கேட்கக்கூடாத கேள்வி ஒன்று இருக்கிறது. நோன்பு நாளில் உங்களோடு வேலை செய்யும் ஒரு பெண் ஒதுக்குப்புறமாக எதையோ சாப்பிடுவதைப் பார்த்தால், நீங்கள் நோன்பு இல்லையா என்று கேட்காதீர்கள். மாதவிடாய், கர்ப்பம், உடம்பு சரியில்லை, பயணம் என்று மார்க்கமே அனுமதிக்கும் காரணங்கள் பல உண்டு, விட்ட நோன்பைப் பின்னால் வைத்து ஈடுகட்டுவார்கள். ஆண்களுக்கும் இதே விதிதான். அது அவர்களுக்கும் ஆண்டவனுக்கும் உள்ள கணக்கு, நமக்கு அதில் வேலையில்லை.

நோன்பு திறக்க அழைத்தால் போங்கள். ஹோட்டல் பஃபேயாக இருந்தால் தட்டை நிரப்பிக்கொண்டு உட்காரலாம், பாங்கு சொல்லும்வரை கை வைக்கக்கூடாது. பேரீச்சம்பழம், தண்ணீர், கொஞ்சம் பலகாரம், அதோடு பாதி மேசை எழுந்து தொழப் போய்விடும். புதிதாக வந்தவர்கள் தனியாக விடப்பட்டதுபோல் விழிப்பார்கள், பத்து நிமிடத்தில் எல்லோரும் திரும்பி வருவார்கள், அப்போதுதான் உண்மையான சாப்பாடு. நானும் ஒருநாள் நோன்பு இருந்து பார்க்கிறேன் என்று சிலர் இருப்பார்கள். நல்லது, இருங்கள். ஃபேஸ்புக்கில் படம் போட்டுப் பாராட்டு வாங்குவதற்காக என்றால் வேண்டாம் என்பேன், மாதம் முழுக்கச் சத்தமில்லாமல் இருக்கிறவர்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசிப் பத்து நாள் இரவுகளில் தொழுகை கூடும், பகலில் ஆள் இன்னும் மெதுவாக இருப்பார்கள். பிறகு பாலிக் கம்போங், அதாவது நாடே மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போகும் நாள்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு நாலு, ஐந்து மணி நேரத்தில் வருகிற வழி, அந்த நாள்களில் எப்போது வந்து சேருவோம் என்று யாராலும் சொல்லமுடியாது. எங்கள் ஆலையில் நோன்புப் பெருநாள் ஷிப்டை இந்தியர்களும் சீனர்களும் பார்த்துக்கொள்வோம், தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் சீனப் புத்தாண்டுக்கும் மலாய்க்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். யாரும் எழுதி வைத்த விதி இல்லை, கேட்கும்முன் பெயர் கொடுத்துவிட்டால் நல்ல பெயர்.

பெருநாள் என்றைக்கு என்பது பிறை பார்த்த பிறகுதான் உறுதி. அன்றிரவு ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் டிவியில் வந்து அறிவிப்பார், அதற்குள் ரெண்டாங் என்ற மசாலா இறைச்சி அடுப்பில் ஏறியிருக்கும். முதல் நாள் தொழுகை, கல்லறைக்குப் போவது, பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பது என்று குடும்பத்துக்கான நாள், அழைக்காமல் போய் நிற்காதீர்கள். அவசரமும் இல்லை, வீட்டைத் திறந்துவைத்து வருகிறவர்களுக்கெல்லாம் விருந்து கொடுக்கும் திறந்த இல்ல உபசரிப்பு, ரமலானுக்கு அடுத்த ஷவ்வால் மாதம் முழுக்க நடக்கும். 2024இல் பெருநாள் ஏப்ரல் 10 புதன்கிழமை, அதே வாரம் ஞாயிறு நம் சித்திரைப் புத்தாண்டு, பாயசத்துக்கும், இலையில் கட்டி வேகவைக்கும் அரிசிப் பொட்டலமான கெத்துப்பாட்டுக்கும் நடுவில் வயிறு படாதபாடு பட்டது.

போகும்போது செருப்பை வெளியே விடுங்கள். எதிர்பாலினத்தவரிடம் நீங்களாகக் கை நீட்டாமல் மார்பில் கை வைத்து வணங்கினால் போதும், அவர்கள் நீட்டினால் குலுக்கலாம். கையில் பழமோ ஹலால் முத்திரை போட்ட பிஸ்கட் டின்னோ கொண்டுபோகலாம். முறுக்கு இங்கே பெருநாள் பலகாரத்திலேயே சேர்ந்துவிட்டது, கடையில் வாங்கியதென்றால் இன்னும் நிம்மதி. பிள்ளைகளுக்குப் பச்சை உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுத்தால் வீடே நம் பக்கம். வடக்கு மாநிலங்களில் பனையோலை போன்ற பாலாஸ் இலையில் முக்கோணமாகக் கட்டும் கெத்துப்பாட் கிடைக்கும், வெந்த ஒட்டரிசி வாசனை, அதை விடாதீர்கள். மாட்டு ரெண்டாங் சாப்பிடாதவர்களுக்குப் பெரும்பாலும் கோழி தனியாக இருக்கும், இந்தியர் என்றால் அவர்களே எடுத்துச் சொல்லிவிடுவார்கள். சுத்த சைவக்காரர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும், காய்கறிக் குழம்பு மாதிரித் தெரியும் லோடேவில் காய்ந்த இறால் இருக்க வாய்ப்பு உண்டு.

பெருநாள் முடிந்த வாரம் ஆபீசில் பலகார டப்பா சுற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஷவ்வாலில் ஆறு நாள் நோன்பு வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. "அதான் பெருநாள் முடிஞ்சிருச்சே, ஒண்ணு எடுங்க" என்று டப்பாவை மூக்குக்கு நேரே நீட்டாமல் மேசையில் வைத்துவிட்டு வந்துவிடுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.