வெளியூர் ஃபைபர் ஜாயிண்ட் வேலை கட்டுப்படியாகுமா?

ஜூன் 3, 2025, செவ்வாய்

தேனிப் பக்கம் 24 கோர் (கண்ணாடி இழை) கேபிள், ஸ்ப்ளைஸ் கணக்கில் கூலி; ஸ்ப்ளைஸ் என்றால் இரண்டு இழை முனைகளை மெஷினில் உருக்கி ஒட்டுவது. ஒன்றுக்கு 60 ரூபாய் என்று வைத்துப் பார்ப்போம்: 24 கோரையும் ஒட்டும் ஒரு ஜாயிண்டுக்கு 1,440. கோருக்கு மூன்று நிமிடம் என்றால் 72 நிமிடம்தான். ஆனால் உறையை உரித்து, ஜெல் துடைத்து, ட்ரேயில் சுற்றி அடுக்கி, ஜாயிண்டை மூடும் பெட்டியான க்ளோஷரைச் சீல் பண்ணுவதற்குள் மூன்றரை மணி நேரம் போய்விடும். ஒரு ட்ரம்மில் வரும் கேபிள் 2 கிலோமீட்டர் என்றால் அடுத்த ஜாயிண்ட் அவ்வளவு தள்ளி. நாளுக்கு இரண்டு முடித்தால் 2,880. ஹெல்ப்பர் 800, ரூம் 700, இருவர் சாப்பாடு 500, பெட்ரோல் 300 போக மிச்சம் 580. மெஷின் தேய்மானமும், ஒட்டிய இடத்தின் மேல் போடும் ஸ்லீவும் இதற்குள்தான்.

இதே ரேட்டில் 6 கோர் ஜாயிண்ட் என்றால் 360 ரூபாய். உரிப்பதும் மூடுவதும் அதே வேலை! சின்ன கேபிளுக்குக் கோர் கணக்கே பேசக்கூடாது, ஜாயிண்டுக்கு இவ்வளவு என்று பேச வேண்டும். அறுந்த கேபிளிலும் அப்படித்தான்: சுற்றி வைத்த உபரி எட்டினால் ஒரு ஜாயிண்ட், எட்டாவிட்டால் நடுவில் துண்டு போட்டு இரண்டு.

ஜூன் 5, வியாழன்

ஜாயிண்ட் போடும் குழி தயாரில்லை, வேலை இல்லை. பெட்ரோல் போடாவிட்டாலும் 2,000 செலவு, வரவு சுழியம். 580 மிஞ்சும் நாள் மூன்றரை ஓடினால்தான் இது அடையும். ஸ்ப்ளைஸுக்கு 5 ரூபாய் கூட்டிக் கேட்பதைவிட, சும்மா இருக்கும் நாளுக்குப் பேட்டா உண்டென்று ஆர்டரில் எழுதி வாங்குவது மேல்.

ஜூன் 7, சனி

காற்று. மெஷினில் கோர் உட்காரும் பள்ளமான வி-க்ரூவில் ஒரு துகள் மண் விழுந்தாலும் கோர் நேராக உட்காராது. வேன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேதான் வேலை. ஒட்டிய இடத்தில் குமிழி தெரிந்தால் மெஷினைத் திட்ட வேண்டாம். முனையில் அழுக்கு, அல்லது இழையை வெட்டும் க்ளீவரின் பிளேடு மழுங்கியிருக்கும். ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு, பிளேடை ஓர் எண் திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

ஜூன் 10, செவ்வாய்

ஓடிடிஆரில் (ஃபைபரில் ஒளி எங்கே குறைகிறது என்று காட்டும் கருவி) 1310 நானோமீட்டர் ஒளியில் சுத்தம், 1550-இல் லாஸ் (ஒளி இழப்பு) என்றால் ஸ்ப்ளைஸை வெட்டக்கூடாது. ட்ரேயில் ஃபைபர் மடங்கியிருக்கிறது. வளையத்தை அகலமாக்கிச் சுற்றினால் போதும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே லாஸ் என்றால்தான் சந்தேகம் ஸ்ப்ளைஸ் மேல். அப்போதும் ஒரு முனையில் எடுத்த அளவை நம்ப முடியாது. இந்தப் பக்கம் லாஸ் 0.15 டிபி, அந்தப் பக்கம் மைனஸ் 0.05 வந்தால் சராசரி 0.05, நல்ல ஸ்ப்ளைஸ். இரண்டு கேபிளின் ஃபைபர் சற்று வேறாக இருந்தாலே இப்படிக் காட்டும். வரம்பு 0.1 என்று மட்டும் ஒப்பந்தத்தில் இருந்தால் 0.15-ஐக் காட்டித் திரும்பத் திறக்கச் சொல்வார்கள். அதற்குக் கூலி கிடையாது. 'இரு முனைச் சராசரி' என்ற வார்த்தை அதில் இருந்தாக வேண்டும்.

ஜூன் 14, சனி

பில். தனியாள் பெயரில் போட்டால் டிடிஎஸ் (பில்லில் பிடிக்கும் வருமான வரி) 1 சதவீதம், பான் தராவிட்டால் 20. ரிட்டர்ன் போட்டால் கட்ட வேண்டிய வரி போக மீதி திரும்ப வரும். தொந்தரவு, ரூட் முழுக்க முடியும்வரை பிடித்துவைக்கும் பணம். அதை நாள் குறித்து வாங்காவிட்டால் கடன் வாங்கித்தான் அடுத்த ஊருக்கு மெஷினை ஏற்ற வேண்டும். க்ளோஷரை மூடும் முன் ட்ரேயைப் படம் எடுத்து, ஓடிடிஆர் ஃபைலோடு பில்லுடனே கொடுத்துவிடலாம்.