கிட்டார் மூலையும் ஓடாவி மாமாவும்

ஞாயித்துக்கிழம சர்ச்சுல பூசை முடிஞ்சு கிட்டாரைக் கழட்டி வச்சப்போ பாத்தா வலது கையில முழங்கைக்குக் கொஞ்சம் கீழ செவசெவன்னு ஒரு கோடு, கயித்தால இறுக்கிக் கட்டி அவுத்த மாதிரி. சுண்டுவிரலு மரத்துப்போயி அஞ்சு நிமிசம் உதறிக்கிட்டே நின்னேன். இது இன்னைக்கு நேத்து இல்ல, பதினோரு வருசமா இதே கதைதான், சித்தப்பா துபாய்லருந்து வந்தப்போ தூக்கிட்டு வந்த அந்தப் பெரிய டிரெட்நாட் கிட்டாருதான் இன்னும் வாசிக்கிறேன், அதோட மேல் ஓரம் நம்ம கை வைக்கிற எடத்துல கத்தி மாதிரி நிக்கும்.

அப்ப மாத்தித் தொலைய வேண்டியதுதானன்னு கேப்பீங்க. அங்கதான் சிக்கல். கிட்டாருன்னு சொன்னா என் கண்ணுக்குள்ள வர்றதே அந்த உருவந்தான், அகலத் தோளு, இடுப்பு ரொம்பக் குறுகாத சதுரமான ஒடம்பு, நடுவுல வட்ட ஓட்டை. மத்ததெல்லாம் பாத்தா ஏதோ கொறையிற மாதிரியே இருக்கும்.

ஆனா உக்காந்து தேடிப் படிச்சப்போ ஒண்ணு தெரிஞ்சுச்சு, நான் பழைய முறை, பாரம்பரியம்னு கட்டிக்கிட்டு அழுவுற இந்த வடிவம் ஒண்ணும் அவ்வளவு பழசு இல்ல. 1916ல மார்ட்டின் கம்பெனி டிட்சன்னு ஒரு கடைக்காக செஞ்சு குடுத்தது, தன் சொந்தப் பேர்ல விக்க ஆரம்பிச்சதே 1931லதான். பேரு கூட 1906ல வந்த இங்கிலீஷ்காரன் போர்க்கப்பலோட பேரு. நம்ம பழைய பாம்பன் ரயில் பாலமே 1914, அதை விட ரெண்டு வயசு சின்னது இந்தக் கிட்டாரு! அத எதுக்கு அவ்வளவு பெருசா செஞ்சான்னா சத்தத்துக்கு, முக்கியமா அடி சுருதி கனமா வரணும்னு. மைக்கு, பிக்கப்பு எதுவும் இல்லாத காலம். எங்க கொயர்ல என் கிட்டாருக்கு ஒயர் சொருகி ஸ்பீக்கர்ல விட்டுருக்கு, பக்கத்துல கீபோர்டு வேற, நான் எதுக்கு அந்தப் போர்க்கப்பலைக் கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கேன்னு எனக்கே சிரிப்பு வந்துச்சு.

சரின்னு மதுரைக்குப் போனப்போ ஒரு கடையில ஓஎம்னு ஒடம்பு கொஞ்சம் சின்னதா வர்ற மாடல் எடுத்து மடியில வச்சுப் பாத்தேன். அய்யோ, அதுதான் சொகம். எல்லாரும் சின்ன பாடி, சின்ன பாடின்னு அகலத்தையே பேசுறாங்க, ஆனா அகலத்துல வித்தியாசம் ரொம்பக் கம்மிதான், டிரெட்நாட் கீழ்ப்பக்கம் 15.6 இன்ச்சுன்னா இது 15 இன்ச்சு. விசயம் எல்லாம் ஒடம்போட தடிமன்ல இருக்கு, முன்பலகைக்கும் முதுகுக்கும் நடுவுல. அது கிட்டத்தட்ட 4.9 இன்ச்சு, இது 4.1. அந்த முக்கால் இன்ச்சு கொறையிறப்போ தோள் தானா எறங்குது, கை அந்த மூலையில தொங்காம சும்மா கெடக்குது. இடுப்பும் நல்லா உள்வாங்கி இருக்குறதால தொடையில கிட்டாரு தாழ ஒக்காருது. கட்அவே வச்சது, அதாவது கழுத்தோட அடி வரைக்கும் வெரல் போக தோள்ல வெட்டு விட்டது, எடுத்துக்கச் சொன்னான் கடைக்காரப் பையன். நான் கழுத்துல குறுக்க இருக்குற கம்பியில பன்னண்டாவது ஃப்ரெட்டத் தாண்டி போனதே கெடையாது, பூசைப் பாட்டுக்கு அங்க என்ன வேல, தோள்ல ஒரு கடி கடிச்ச மாதிரி அது எதுக்குன்னு விட்டுட்டேன்.

வாங்கலாமான்னு நெனச்சிட்டு எதிர்ல இருந்த கண்ணாடியைப் பாத்தேன், என் ஒடம்புக்கு அது அக்கா மகன் கிட்டாரை புடுங்கிட்டு வந்த மாதிரி இருந்துச்சு. வச்சிட்டு வந்துட்டேன். வெக்கங்கெட்ட காரணம்தான், ஒத்துக்கிறேன்.

வேற வழியும் செஞ்சு பாத்துருக்காங்க ஒலகத்துல. கனடாவுல லிண்டா மான்சர்னு ஒரு அம்மா, 1984ல 42 தந்தி வச்ச ஒரு கிட்டாரு செஞ்சவங்க, அதுல ஒடம்பை ஆப்பு மாதிரி ஆக்கிட்டாங்க, நம்ம நெஞ்சுப்பக்கம் மெலிசு, தொடைப்பக்கம் தடிமன். உள்ள இருக்குற காத்தோட அளவு கொறையாது, கைக்கும் நோவாது. முன்னால இருந்து பாத்தா வித்தியாசமே தெரியாதுங்கறதுதான் எனக்குப் புடிச்சது. அதே நாட்டுல லாஸ்கின்னு ஒருத்தரு அந்த மூலையவே சரிவா செதுக்கி விட்டாரு. இப்ப கை வைக்கிற எடத்துல பெவல்னு நெறைய கம்பெனி போடுறாங்க, வெலயும் சேத்துத்தான் போடுறாங்க.

அந்தச் செதுக்குற படத்தைப் பாத்ததும் எனக்கு படகு கட்டுற ஓடாவி மாமா ஞாபகம் வந்துச்சு. வல்லத்துக்குப் பலகை வளைச்சு ஏத்துற மனுசன், இத எழைக்க மாட்டாரா? மீன்புடி தடைக்காலம் வேற, ஏப்ரல் 15லருந்து 61 நாள், விசைப்படகெல்லாம் மராமத்துக்கு நிக்கிற நேரம், மூச்சு விட நேரமில்லாம இருந்தாரு. கிட்டாரை வாங்கி ஓரம் பூரா வெரல் முட்டியால தட்டிக்கிட்டே வந்தாரு.

"உள்ள என்ன கெடக்கு மருமகனே?"

"ஒண்ணுமில்ல மாமா, காத்துத்தான்."

"அப்ப எதுல எழைக்கச் சொல்ற? மேப்பலகையும் பக்கப் பலகையும் சேருற எடம் இது, சன்னமா ஒரு சட்டம்தான் உள்ள ஓடும். எழைச்சா வாய் பொளந்துக்கும். இதெல்லாம் கட்டும்போதே உள்ள கனமா மரம் வச்சு கட்டணும்டா."

கிட்டாரை வாழ்க்கையில மொத தடவ கையில வாங்குன ஆளு! நானு போன்ல இருந்த இன்னொரு படத்தைக் காட்டுனேன், ஓவேஷன்னு 1966ல வந்தது, ஹெலிகாப்டர் செய்யுற ஆளு செஞ்சது, முதுகுப்பக்கம் பானை மாதிரி உருண்டையா ஃபைபர். "இதுலயும் பைபர் வந்துருச்சா"ன்னு மூஞ்சி சுருங்கிப் போச்சு அவருக்கு, வல்லத்து வேல பாதி அதுலதான போச்சு. அந்த முதுகு மடியில நிக்காம வழுக்கும் மாமான்னு சொன்னதும் கொஞ்சம் சமாதானமானாரு.

மூணு நாள் கழிச்சு கூப்புட்டு ஒரு வேப்ப மரத்துண்டு குடுத்தாரு. ஒரு சாண் நீளம், அடியில கிட்டார் வளைவுக்கு அச்சா பொருந்துது, மேல வழவழன்னு உருட்டி வச்சுருக்காரு. ஓரத்துல மட்டும் ஒட்டுற மாதிரி, மேப்பலகையைத் தொடாம. ரெண்டு பக்கம் ஒட்டுற டேப்பு போட்டு ஒட்டிருக்கேன், இந்த உப்புக்காத்துல எத்தன நாள் நிக்கும்னு பாக்கணும், ஸ்ட்ரிங்கே மாசத்துக்குள்ள துரு புடிச்சிருது. கை நோகல. இன்னொண்ணு, முன்னாடி கை பூரா மேப்பலகை மேல அழுந்திக் கெடக்கும், இப்ப அது தூக்கி நிக்கிறதால பலகை நல்லா அதிருது, சத்தம் தெறந்து வருது.

பாக்கத்தான் கேவலமா இருக்கு. பளபளன்னு இருக்குற ஒடம்புல வெளுத்த வேப்பங்கட்டை. நேத்து பயிற்சியில கீபோர்டு அக்கா கேட்டாங்க, "என்னடா, கிட்டாருக்கு கை ஒடிஞ்சு போச்சா, கட்டு போட்டுருக்க?" மாமாகிட்ட வார்னிஷ் இருக்கான்னு கேக்கணும், அவரு போட்டுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட்டை எடுத்துருவாரோன்னுதான் பயமா இருக்கு.