அம்மா அறைக் கம்ப்யூட்டரும் கூடத்து லேப்டாப்பும்

அப்பா விட்டுப்போன டெஸ்க்டாப்பில் 1,900க்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த காலத்துப் படங்கள், நேவல் பேஸ் குவார்ட்டர்ஸ், டேங்க் ரோட்டில் காவடி இறக்கும் தைப்பூசக் கூட்டம், யார் யாருடையதோ கல்யாணங்கள். ஓய்வு பெற்ற பிறகு அத்தனையையும் அவரே உட்கார்ந்து ஸ்கேன் செய்தார். ஃபைல் பெயர்கள் மட்டும் வெறும் எண்கள். எந்தப் படத்தில் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல இனி அம்மா ஒருவர்தான். அவருக்கு வயது 78.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தோம். அம்மா தன் அறையில் டெஸ்க்டாப்பில் படத்தைப் பார்த்துப் பெயர் வைப்பார். கூடத்தில் நானும் மகளும் லேப்டாப்பில் மங்கிய படங்களைச் சரிசெய்வோம். முதலில் பென்டிரைவில் அங்கும் இங்கும் கொண்டுபோனோம். மூன்றாம் நாளே பழைய பிரதியைப் புதியதன் மேல் நான் போட்டுவிட்டேன். அம்மா ஒரு மாலை முழுக்க வைத்த நாற்பது பெயர்கள் போய்விட்டன. “பரவாயில்லப்பா, திரும்ப வச்சுட்டாப் போச்சு” என்றார். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. ஒரே ஃபோல்டர், இரண்டு கம்ப்யூட்டரும் அதையே பார்க்க வேண்டும் என்று அன்றிரவு முடிவு செய்தேன். வேறு எதையும் தொடுவதற்கு முன் முழு ஃபோல்டரையும் ஒரு வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து அலமாரியில் வைத்தேன்.

டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 10, லேப்டாப்பில் விண்டோஸ் 11. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், ஷேரிங், சரி. பத்து நிமிட வேலை என்றுதான் உட்கார்ந்தேன். லேப்டாப்பில் நெட்வொர்க்கைத் திறந்தால் டெஸ்க்டாப்பின் பெயரே இல்லை. முகவரியை நேரே அடித்தால் ‘நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை’ என்று 0x80070035 என்ற எண்ணோடு ஒரு பெட்டி வந்தது.

அந்த எண்ணை வைத்துத் தேடினால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஃபயர்வாலை அணை, ரெஜிஸ்ட்ரியில் இதை மாற்று, எஸ்எம்பி 1ஐ, அதாவது ஃபைல் பகிர்வுக்கான பழைய நெறிமுறையை, இயக்கு. முதல் இரண்டு இரவுகள் இவற்றில் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து பார்த்தேன். எதுவும் நடக்கவில்லை. எதை மாற்றினேன் என்பதும் எனக்கே மறந்துபோனது. மூன்றாம் இரவு எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், உடனே சோதனை, விளைவு நோட்டில். அடியிலிருந்து மேலே போவது என்று வைத்துக்கொண்டேன்: கம்பி, முகவரி, ஃபயர்வால், பயனர், கடைசியாக அனுமதி.

இரண்டு கம்ப்யூட்டரிலும் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் என்ற கட்டளையை அடித்தேன். டெஸ்க்டாப் 192.168.50.23. லேப்டாப் 192.168.1.7. எண்களை நோட்டில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியபோதுதான் கண்ணில் பட்டது. மூன்றாவது எண் வேறு வேறு. ஒரே வீட்டில், பத்து அடி தூரத்தில், இரண்டும் இரண்டு தனி நெட்வொர்க்கில் இருந்திருக்கின்றன.

இது எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே பல வீடுகளில் இதே அமைப்புதான் இருக்கும். எங்களுடையது ஈசூனில் நான்கறை வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடு. ஃபைபர் வந்து முடியும் இடம் வாசலுக்குப் பக்கத்தில். நடுவில் வீட்டுக் காப்பறை, அதாவது நாம் ஸ்டோர் ரூமாக வைத்திருக்கும் பாம் ஷெல்ட்டர். அதன் சுவர்கள் கம்பி கட்டிய தடித்த கான்கிரீட். அதை இடிக்க அனுமதியும் கிடையாது. அதற்கு அந்தப் பக்கம் உள்ள அம்மா அறைக்கு வைஃபை சரியாகப் போகாது. அதனால் இரண்டு வருஷத்துக்கு முன், வைஃபையை வீடு முழுக்கப் பரப்பும் இரண்டு பெட்டிகள் கொண்ட ஒரு மெஷ் செட் வாங்கினேன். ஒன்றை வாசலில் ஃபைபர் பெட்டியோடு கம்பியில் இணைத்தேன், இன்னொன்றை அம்மா அறையில் வைத்தேன், டெஸ்க்டாப்புக்கு அதிலிருந்து ஒரு கம்பி.

இணையச் சேவை தந்த அந்த ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டர். அது 192.168.1 என்ற வரிசையில் முகவரி கொடுக்கிறது. மெஷ்ஷும் வாங்கியபடியே ரவுட்டராகத்தான் வேலை செய்தது. அது தனக்குள் 192.168.50 என்று இன்னொரு வரிசை நடத்தியது. டெஸ்க்டாப் உள் வளையத்தில். லேப்டாப்போ ஃபைபர் பெட்டியின் பழைய வைஃபை பெயரை நினைவில் வைத்துக்கொண்டு வெளி வளையத்தில். இணையம் இரண்டுக்கும் ஒழுங்காக வந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. உள்ளே இருந்து வெளியே போகலாம். வெளியே இருந்து உள்ளே வரும் அழைப்பை மெஷ் வாசலிலேயே நிறுத்திவிடும். லேப்டாப் தட்டிய கதவு இதுதான்.

மெஷ்ஷின் செயலியில் ‘ஆக்ஸஸ் பாயின்ட்’ என்ற நிலைக்கு மாற்றினேன். அதன் பிறகு அது முகவரி கொடுப்பதை விட்டுவிட்டு வைஃபையைப் பரப்புவதை மட்டும் செய்கிறது. ஃபைபர் பெட்டியின் பழைய வைஃபையை அணைத்துவிட்டேன். எல்லாமே 192.168.1 வரிசைக்கு வந்துவிட்டன. டெஸ்க்டாப்புக்கு 192.168.1.23 என்ற முகவரி மாறாமல் கிடைக்கும்படி ஃபைபர் பெட்டியில் பதிந்தும் வைத்தேன்.

லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு, பதில் வருகிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையை அடித்தேன். நான்கு முறையும் பதில் இல்லை.

நான் எதிர்பார்க்காத இடம் இது. ரவுட்டர் மாறினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்கிறது. டெஸ்க்டாப்பில் போய்ப் பார்த்தால் ‘நெட்வொர்க் 2’ என்று புதுப் பெயர், வகை ‘பப்ளிக்’. காபிக்கடை வைஃபையில் உட்கார்ந்திருப்பதைப் போல அது தன்னை மூடிக்கொண்டிருக்கிறது. ஈதர்நெட் அமைப்பில் அதை ‘பிரைவேட்’ ஆக்கி, நெட்வொர்க் கண்டறிதலையும் ஃபைல் பகிர்வையும் இயக்கினேன். பிங் உடனே பதில் சொன்னது. ஃபயர்வாலை அணைக்கவே தேவையில்லை. வகையைச் சரியாகச் சொன்னால் தேவையான கதவை மட்டும் அதுவே திறக்கிறது. ஃபைல் பகிர்வுக்கு அந்தக் கதவின் எண் டிசிபி 445.

எஸ்எம்பி 1 பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து இயக்காதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகளையே முடக்கிய வான்னாக்ரை என்ற தீநிரல், அந்தப் பழைய நெறிமுறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும் விண்டோஸ் 10ல் அது இயல்பாக இருப்பதில்லை. ‘ஹோம்குரூப் அமையுங்கள்’ என்று சொல்லும் குறிப்புகளையும் தாண்டிப் போய்விடுங்கள். 2018ல் வந்த 1803 பதிப்போடு அந்தப் பழைய பகிர்வு வசதி எடுக்கப்பட்டுவிட்டது. நெட்வொர்க் பட்டியலில் கம்ப்யூட்டர் பெயர் தெரியாவிட்டால் டெஸ்க்டாப்பில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சர்வீஸ் ஓடுகிறதா என்று பாருங்கள். எனக்கு அது நின்றிருந்தது. தானாகத் தொடங்கும்படி மாற்றியதும் பெயர் வந்துவிட்டது. பெயர் வராவிட்டாலும் கவலையில்லை, இரண்டு பின்சாய்வுக் கோடும் ஐபி எண்ணும் அடித்தாலே போதும்.

அப்படி அடித்ததும் முதல் முறையாக ஒரு பெட்டி பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. லேப்டாப்பைத் திறக்கும் பின் (PIN) எண்ணை அடித்தேன், ஏற்கவில்லை. ஏற்காது; பின் எண் அந்தந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் செல்லும். கேட்பது டெஸ்க்டாப்பில் உள்ள கணக்கின் பாஸ்வேர்டு. அங்கே இருந்தது அப்பாவின் பெயரில் ஒரே ஒரு கணக்கு, பாஸ்வேர்டு இல்லாமல். பாஸ்வேர்டு இல்லாத கணக்கை அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துதான் பயன்படுத்த முடியும், நெட்வொர்க் வழியாக விண்டோஸ் உள்ளே விடாது. அப்பாவின் கணக்குக்கு பாஸ்வேர்டு போட்டுவிடலாம்தான். ஆனால் அம்மா தினமும் அதைத்தான் திறக்கிறார். அவருக்கு இன்னொரு தடை வைக்க மனம் வரவில்லை. அந்தக் கணக்கில் எதையும் மாற்றவும் மனமில்லை.

பாஸ்வேர்டு கேட்பதையே நிறுத்திவிடலாம் என்றும் சொல்கிறார்கள். அது வீட்டு வைஃபைக்குள் வரும் எல்லோருக்கும் கதவைத் திறந்து வைப்பது. புது விண்டோஸ் 11 பதிப்புகள் பலவும் அப்படிப் பெயர் சொல்லாமல் விருந்தாளியாக இணைவதை ஏற்பதில்லை. அதனால் டெஸ்க்டாப்பில் ‘குடும்பம்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு தனிக் கணக்கு உருவாக்கி, நீளமான பாஸ்வேர்டு கொடுத்தேன். லேப்டாப்பில் டெஸ்க்டாப்பின் பெயர், பின்சாய்வுக் கோடு, பிறகு அந்தக் கணக்கின் பெயர் என்று அடித்தேன். அப்போதும் மறுத்தது. முன்பு அடித்த தவறான விவரத்தை லேப்டாப் சேமித்து வைத்திருந்தது. சேமித்த பாஸ்வேர்டுகள் இருக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அதை அழித்துவிட்டு மறுபடி முயன்றேன்.

ஃபோல்டர் திறந்தது. படங்கள் வரிசையாக வந்து நின்றன. மகள் பக்கத்தில் வந்து, “அப்பா, இது தாத்தாவா?” என்று கேட்டாள். பட்டறை வாசலில், எண்ணெய்க் கறை படிந்த உடுப்பில், இருபத்தைந்து வயதில் அப்பா. கொஞ்ச நேரம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் சேமிக்கப் போனால் அனுமதி இல்லை என்றது. விண்டோஸில் அனுமதி இரண்டு இடத்தில் இருக்கிறது: ஷேரிங் பக்கத்தில் ஒன்று, செக்யூரிட்டி பக்கத்தில் ஒன்று. இரண்டில் எது இறுக்கமோ அதுதான் செல்லும். செக்யூரிட்டியில் எழுதும் உரிமை கொடுத்திருந்தேன். ஷேரிங்கில் ‘எல்லோரும், படிக்க மட்டும்’ என்று இயல்பாக வந்ததை அப்படியே விட்டிருந்தேன். அதை நீக்கி, புதுக் கணக்குக்கு மட்டும் மாற்றும் உரிமை கொடுத்ததும் சரியானது.

ஒரு குறை மீதி இருந்தது. நகல் விநாடிக்கு 11 எம்பிக்கு மேல் ஏறவில்லை. டெஸ்க்டாப்பின் ஈதர்நெட் விவரத்தில் இணைப்பு வேகம் விநாடிக்கு 100 மெகாபிட் என்று இருந்தது, 1000 இருக்க வேண்டும். 100க்கு கம்பிக்குள் இரண்டு ஜோடி போதும், 1000க்கு நான்கு ஜோடியும் வேண்டும். பழைய கம்பி கட்டில் காலடியில் நசுங்கியிருந்தது. சிம் லிம் ஸ்குவேரில் ஒரு கேட் 6 கம்பி வாங்கி மாற்றினேன். வேகம் மூன்று மடங்கானது. டெஸ்க்டாப் அரை மணியில் தூங்கிப்போய் மறைந்துவிடுவதையும் நிறுத்தி வைத்தேன்.

பெயர்களை முதலில் ஒரு எக்செல் ஃபைலில் எழுதலாம் என்று நினைத்திருந்தோம். அம்மா அதைத் திறந்து வைத்திருந்தால் எங்களால் அதில் எழுத முடியாது. அதனால் படத்தின் பெயரையே மாற்றச் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குத் தமிழ்99 விசைப்பலகை பழக்கம் உண்டு. அவர் அங்கே பெயரை அடித்து என்டர் தட்டினால், கூடத்தில் எங்கள் திரையில் எண் போய்ப் பெயர் வந்து நிற்கிறது. நேற்று இரவு வரை 340 படங்கள் முடிந்திருந்தன. கடைசியாக வந்த பெயர், ‘நேவல் பேஸ், பெரியப்பா, பின்னால் நிற்பது யாரென்று செல்வியக்காவிடம் கேட்க வேண்டும்.’