இரண்டு மூட்டுக் கை: மார்ச் குறிப்புகள்

மார்ச் 1, சனி

தோள், முழங்கை என்று இரண்டே மூட்டு உள்ள ஒரு ரோபோ கையை, கணினிக்குள் மட்டும் அசையும் மாதிரியாக, பைத்தான் நிரல்மொழியில் எழுதத் தொடங்கிவிட்டேன். மேல்கை 30 செ.மீ., அரை கிலோ. முன்கை 25 செ.மீ., 300 கிராம். முதலில் மோட்டாரும் உராய்வும் இல்லாமல், கையைத் தூக்கிச் சும்மா விட்டுப் பார்த்தேன். ஊசல் மாதிரி ஆட வேண்டியது, ஆட ஆட வேகம் கூடிக் கடைசியில் சுழலவே தொடங்கிவிட்டது. இரண்டு மணி நேரம் சமன்பாட்டைத்தான் சந்தேகப்பட்டேன். தப்பு அங்கே இல்லை. இப்போதைய வேகத்தை வைத்தே அடுத்த நிலையைக் கணிக்கும் எளிய ஆய்லர் முறையில் 10 மில்லிசெகண்டுக்கு ஓர் அடியாக நகர்த்தியதில், ஒவ்வொரு அடியிலும் இல்லாத ஆற்றல் கொஞ்சம் முளைத்திருக்கிறது. ஒவ்வொரு அடிக்குள்ளும் பலமுறை கணித்துச் சராசரி எடுக்கும் ருங்கே-குட்டா முறைக்கு மாறி, அடியை 1 மில்லிசெகண்டாக்கியதும் மொத்த ஆற்றலின் கோடு அசையாமல் படுத்துக்கொண்டது. வேறு எதையும் செய்வதற்கு முன்னால் இந்தக் கோட்டை வரைந்து பார்த்துவிடுங்கள்.

மார்ச் 4, செவ்வாய்

நுனி போக வேண்டிய இடத்திலிருந்து மூட்டுக் கோணங்களைக் கண்டுபிடிக்கும் கணக்கு முடிந்தது. ஒரே புள்ளிக்கு இரண்டு விடை: முழங்கை மேலே, முழங்கை கீழே. பாதி வழியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவாமல் பார்த்துக்கொண்டால் போதும். கை முழுசாக நீளும் இடத்துக்கு அருகில் நேர்கோடு வரையச் சொன்னால்தான் முழங்கையின் வேகம் எகிறுகிறது, அங்கே போகவே விடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்றுதான் கட்டுப்பாடு, அதாவது மூட்டுகளைச் சொன்ன கோணத்தில் நிறுத்தும் நிரல் (கன்ட்ரோலர்). கோணப் பிழைக்கு ஏற்ப ஒரு விசை, வேகத்துக்கு ஏற்ப ஒரு தடை, அவ்வளவுதான். கையைக் கிடையாக நீட்டி நிற்கச் சொன்னேன், தோள் 5.7 டிகிரி தொங்கி, நுனி கிட்டத்தட்ட 6 செ.மீ. கீழே நின்றது. கணக்குப் போட்டால் அது நியாயம்தான். அந்த நிலையில் தோள் தாங்க வேண்டிய திருப்பு விசை 1.99 நியூட்டன்-மீட்டர், நான் கொடுத்ததோ ஒரு ரேடியன் (சுமார் 57 டிகிரி) பிழைக்கு 20 நியூட்டன்-மீட்டர். அவ்வளவு பிழை இருந்தால்தான் அவ்வளவு விசை வரும். குடத்தை இடுப்பில் வைப்பதற்கும் கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதானே, எடை ஒன்றுதான், தூரம் வேறு.

சரி, கோணத்துக்கு ஏற்ப ஈர்ப்பைக் கணக்கிட்டு அந்த விசையைத் தனியாகச் சேர்த்தேன். இப்படிச் சேர்த்தால் கை சொன்ன இடத்திலேயே போய் நிற்கும் என்று 1981இல் ஜப்பானியர்களான தகேகாகியும் அரிமோட்டோவும் நிரூபித்துக் காட்டினார்கள். பிழை சுத்தமாகப் போய்விட்டது, ரொம்ப நேரம் அந்தக் கை அசையாமல் நிற்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

நிஜக் கைக்காக அச்சிட்ட பாகங்கள் வந்துவிட்டன. முழங்கை மோட்டாரைப் பூட்டித் தராசில் வைத்தால் மேல்கை 620 கிராம். ஸ்கேல் விளிம்பில் நிறுத்திப் பார்த்தால் சமநிலைப் புள்ளி தோளிலிருந்து 15 இல்லை, 20 செ.மீ. போன வாரச் சந்தோஷம் ஏன் வந்தது என்று அப்போதுதான் புரிந்தது: கணினிக் கைக்கும் கன்ட்ரோலருக்கும் ஒரே எண்களைக் கொடுத்திருந்தேன், பிழை எப்படி வரும்? அளந்த எண்களைக் கைக்கு மட்டும் கொடுத்தேன், கன்ட்ரோலருக்குப் பழையதே. தோளில் 0.48 நியூட்டன்-மீட்டர் குறைந்து, நுனி 1.3 செ.மீ. தொங்கியது.

அடுத்த வாரம் எடையையும் நீளத்தையும் வேண்டுமென்றே 10 சதவீதம் தப்பாகக் கொடுத்து ஓட்டிப் பார்க்கிறேன். மோட்டாருக்குக் கரண்ட் அதற்கு அப்புறம்தான்.