ஆர்50-ஆ, இசட்30-ஆ?
கேனான் ஆர்50, நிகான் இசட்30, இந்த இரண்டு கேமராக்களில் ஒன்று, கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்கு வரித்தலை வாத்துகள் வருவதற்குள் கையில் இருக்க வேண்டும். 24 மெகாபிக்சலா 20.9-ஆ என்பதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை. இசட்30-இல் கண் வைத்துப் பார்க்க வியூஃபைண்டரே கிடையாது, நம்ம ஊர் வெயிலில் குளத்துக்கரையில் நின்றுகொண்டு திரையை மட்டும் நம்பிப் பறக்கிற பறவையைப் பிடிப்பது பெரும்பாடு. ஆர்50-இல் வியூஃபைண்டரும் உண்டு, பறவையைக் கண்டுபிடித்து ஃபோகஸ் செய்வதும் உண்டு. ஆனால் அதன் 55-210 லென்ஸ் முழு ஜூமில் எஃப்7.1, அதாவது உள்ளே விடும் வெளிச்சம் குறைவு, சாயங்காலம் நாரைகள் கூடடையும் நேரத்தில் ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) எகிறிப் படம் புள்ளி புள்ளியாகிவிடும். நிகானின் 50-250 லென்ஸ் முழு ஜூமில் எஃப்6.3, வெளிச்சம் சற்று அதிகம், எட்டும் தூரமும் கூடுதல், ரொம்பப் பிடித்திருக்கிறது. இருந்தாலும் மனசு ஆர்50 பக்கம்தான். அப்புறம், பாளையங்கோட்டைப் பக்கம் யாரிடமாவது ஆர்50 இருந்தால் சொல்லுங்கள், ஒரு காலை வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன்.